பாதி வசனம்

என்னைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வசனத்தோடு வந்தார்கள். உனக்குச் சீக்கிரமே உடம்பு தேறும், இருட்டு போய் வெளிச்சம் வரும் என்று தீர்க்கதரிசி சொல்கிற இடம். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த வாக்குத்தத்தமும் அதுதான் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். கட்டில் அருகே நின்று அதைச் சொல்லி, கண்ணை மூடி ஜெபித்து, பழப் பையை வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அது பாதி வசனம். அந்தப் பாதியை வெட்டி எடுத்து, ரோஜாப்பூப் படத்தோடு அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்ததே நான்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுக்கும் வாக்கு. ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள், பைக்கில் ஒட்டுவார்கள், கல்லாப் பெட்டியில் வைப்பார்கள். பதினோரு வருஷமாக அந்த வசனங்களைத் தேர்ந்தெடுத்து, அச்சகத்தில் கொடுத்து, புரூஃப் பார்த்துத் திருத்தியவள் நான்.

முதல் வருஷம் வசனங்களை முழுசாகத்தான் போட்டேன். ஒரு அம்மா தன் அட்டையைப் படித்துவிட்டு முகம் சுண்டி, அதைத் தாம்பாளத்திலேயே திருப்பிப் போட்டு வேறொன்று எடுத்தார். கண்டிக்கிற வசனம் வந்துவிட்டதாம். அடுத்த வருஷத்திலிருந்து நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். நீ இப்படி நடந்தால், நீ இதை விட்டால் என்று வருகிற வரிகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். இந்த வசனத்தின் தொடக்கத்தில் 'அப்பொழுது' என்று ஒரு சொல் உண்டு. எப்பொழுது என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று அதையும் அடித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். ஸ்டெப் எழுதாமல் விடையை மட்டும் எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு மார்க் போட மாட்டேன். சபைக்கு வந்ததும் விடையை மட்டும் அச்சடித்து விநியோகித்தேன்.

நோய் ஆடி மாதம் வந்தது. மூன்று நாள் வயிற்றுப்போக்கு, பிறகு சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அடுத்த நாள் எட்டாம் வகுப்பில் கையிலிருந்த சாக்பீஸ் தானாக நழுவி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தெருமுனை டாக்டர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதினார். மூன்றாம் நாள் காலையில் குளியலறையில் குந்தி உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கணவர் ஜெயக்குமார் கதவைத் தள்ளித் திறந்து என்னைத் தூக்கினார். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் நின்று, செல்வி ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஊருக்கு வெளியே பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். வரவேற்பறையில் சக்கர நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடியது. வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம் இல்லை என்றேன். வலிக்காததால் எங்களை யாரும் முன்னால் விடவில்லை. கடைசியில் ஓர் இளம் பெண் டாக்டர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் உதறவில்லை. மறுபடி தட்டினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

கில்லன் பாரே என்று பெயர் சொன்னார். வயிற்றுப்போக்குக் கிருமியோடு சண்டை போட்ட உடம்பு, சண்டை முடிந்தும் நிறுத்தாமல் தன் நரம்புகளையே தாக்குகிறது. கரண்ட் ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது உரிந்து போகிறது. மூளை சொல்வது காலுக்கும் கைக்கும் போய்ச் சேருவதில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சத்தை ஐந்து நாள் டிரிப்பாக ஏற்றினார்கள். அதன் விலையைக் கேட்டு என் கணவர் இன்சூரன்ஸ் காகிதங்களோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பயம் கால் வழியாக வரவில்லை, மூச்சு வழியாக வந்தது. இந்த நோய் மேலே ஏறி மூச்சுத் தசைகளைப் பிடித்தால் மெஷின் வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஓர் எளிய வழி இருந்தது. ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். கணக்கு டீச்சருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். முதல் நாள் முப்பது வரை போனேன். மறுநாள் பத்தொன்பது. மூன்றாம் நாள் பதினான்கில் நின்றுவிட்டேன். இன்னும் இரண்டு குறைந்தால் தொண்டையில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. பதினான்கு அப்படியே இரண்டு நாள் நின்றது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அதன் பிறகுதான் சபை வந்தது. ஜெபக்குழுத் தலைவி கிரேஸ் வந்தார். வியாதியே இல்லை என்று வாயால் அறிக்கை செய்யச் சொன்னார். கழுத்துக்குக் கீழே கொசு உட்கார்ந்தால் ஓட்ட முடியாதவளிடம் சொல்கிறார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, சுகம் தாமதமாவதற்கு ஏதாவது தடை இருக்கிறதா, மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். படுத்துக் கிடப்பவளிடம் விசாரணை நடத்த இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இயேசுவின் ஊழியனான அப்போஸ்தலனே தன் உடம்பில் இருந்த தொல்லையை எடுத்துப்போடச் சொல்லி மூன்று முறை கெஞ்சினான். எடுக்கப்படவில்லை. தன்னோடு ஊழியம் செய்த ஒருவனை நோயாளியாகவே ஓர் ஊரில் விட்டுவிட்டுப் போனதாக அவனே எழுதியிருக்கிறான். அதெல்லாமும் வேதத்தில்தான் இருக்கிறது. கத்தலாம் என்றால் மூச்சு இல்லை. அந்த வரிகளை எந்த அட்டையிலும் நான் போட்டதில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

அது பெண்கள் வார்டு. கூட இருப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஒரே மகள், ரூத். கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள், அப்போது மூன்று மாதக் கர்ப்பம், அலையக் கூடாது என்றிருந்தார்கள். ஜெபக்குழுவில் கேட்டோம். எல்லாரும் ஜெபிப்பதாகச் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் செல்விதான் தறியை நிறுத்திவிட்டு வந்து இருந்தாள். நரம்பு திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு சேர்க்கும்போது ஒவ்வொரு இழையாகத்தானே பிணைக்கிறோம், அவசரப்பட்டால் முடியுமா என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டாள். பெருமாள் கோயில் துளசியைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். எந்த வசனமும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குக் கெடு வைத்த சேலை ஒன்று தறியில் இருந்தது. எத்தனை நாள் வருவாள்?

மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது கட்டில் அருகே என் அக்கா சலோமி நின்றிருந்தாள். என்னைக் கேட்காமல் என் கணவர் கூப்பிட்டிருக்கிறார். வேறு யாரைக் கூப்பிடச் சொல்கிறாய் என்று பிறகு கேட்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பெற்றோர் வாலாஜாபாத் பக்கத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அக்கா எட்டாவதோடு நின்றாள், நான் டீச்சர் டிரெயினிங் வரை போனேன். அக்கா இன்னும் நாங்கள் பிறந்த காலனியில்தான் இருக்கிறாள். கணவர் இறந்துவிட்டார். பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர் வேலை. நான் சின்ன காஞ்சிபுரத்துக்குக் குடிவந்த பிறகு, சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் வாலாஜாபாத் பக்கம் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். ரூத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிறிஸ்தவர்கள்தான், வேதம் வாசிக்கிற குடும்பம்தான். ஆனாலும் நீங்கள் எந்தப் பக்கம், எந்த வகையறா என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். என் பெற்றோருக்கு நான் ஒரே பெண் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று பெயர் வரிசை போடுவோம் அல்லவா? அந்தப் புரூஃபையும் நான்தான் பார்த்தேன். பெரியம்மா என்ற இடத்தில் அக்கா பெயரை என் கணவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சிவப்பு மையால் அடித்தேன். பெண்ணின் பெரியம்மாவுக்கு எடுக்க வேண்டிய பட்டுப் புடவையையும் எடுக்கவில்லை. பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு கூடப் பிறந்தவளுக்கு ஒரு புடவை எடுக்காதவள் நான். கல்யாணம் நடந்ததே அக்காவுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஸ்திரியிடம் சொல்லி லீவு போட்டிருந்தாள். வெந்நீரில் துணி நனைத்து என் உடம்பைத் துடைத்தாள், இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தாள், பெட்பேன் வைத்து எடுத்தாள். கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிவிட்டு, விழுங்கிவிட்டேனா என்று தொண்டையைப் பார்ப்பாள். நர்ஸ்கள் அவளைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். அக்கா அப்போது பெட்பேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இவங்க யாரு, அண்ணி?" என்றார் சம்பந்தியம்மா.

"உதவிக்கு வந்திருக்கிறவங்க" என்றேன்.

அக்கா பெட்பேனோடு பாத்ரூம் பக்கம் போனாள். மூச்சு வாங்குகிற நிலையில் எதை விளக்குவது, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துச் சம்பந்தியம்மா மறுபடி வந்தபோது ஒரு பச்சைப் பூனம் புடவை கொண்டுவந்தார். தான் கட்டியதுதான், ஆனால் அதிகம் கட்டவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்கிறாயே வைத்துக்கொள் என்று அக்காவிடம் நீட்டினார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பினேன். தலை மட்டும்தான் அப்போது என் சொல் கேட்டது.

அன்று சாயங்காலம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. என் வேதப் புத்தகத்தைப் பிடிக்கவோ பக்கம் திருப்பவோ என் விரல்களால் முடியாது. அட்டை வைத்திருக்கிற இடத்தில் அந்த ஒரு வசனத்தை மட்டும் படிக்கச் சொன்னேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நடுவுல இருந்து படிச்சா எனக்கு ஒண்ணும் புரியாதும்மா. மேல இருந்து வரேன்" என்றாள்.

அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு சொல் கூடத் தப்பாது. உபவாசம் இருந்தோமே, ஆண்டவர் ஏன் கவனிக்கவில்லை என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். உபவாச நாளிலும் உங்கள் இஷ்டப்படியே நடந்து வேலைக்காரரைக் கசக்குகிறீர்களே என்று பதில் வருகிறது. நான் கேட்ட உபவாசம் இதுவா? நான் கேட்டது அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பது, பசித்தவனோடு சாப்பாட்டைப் பகிர்வது, உடுத்த இல்லாதவனுக்கு உடுத்தக் கொடுப்பது. பிறகு அந்த வரி வந்தது. உன் சொந்த ரத்தத்துக்கு, உன் சொந்த மாம்சத்துக்கு உன்னை மறைத்துக்கொள்ளாமல் இருப்பது. அக்காவின் விரல் அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த வரிக்கு நகர்ந்தது. அதன் பிறகுதான் 'அப்பொழுது' வந்தது. அதன் பிறகுதான் என் ரோஜாப்பூ வரி வந்தது.

கை நன்றாக இருந்திருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன். எனக்கு வந்தது குற்ற உணர்வு அல்ல, கோபம்.

"வேணும்னேதானே படிச்சே?" என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "புஸ்தகத்துல இருக்கிறதைப் படிச்சிக்கினு வந்தேன். போதும்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். உனக்கு வாய் நல்லாத்தானே இருக்குது" என்றாள். பிறகு கஞ்சி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவை மறைத்ததற்குத் தண்டனையாக இந்த நோய் வந்தது என்று யாரும் இதைப் படித்துவிட்டுப் பிரசங்கம் பண்ண வேண்டாம். நோய் வந்தது ஒரு கிருமியால். என் கைகால் நன்றாக இருந்தபோதும் நான் செய்தது அநியாயம்தான். அக்கா படித்த அந்த வேத அதிகாரம் பேரம் பேசவும் இல்லை. இதைச் செய்தால் காலைத் தருவேன் என்று அதில் எழுதியிருக்கவில்லை. இதுதான் சரி, இதைச் செய் என்று இருக்கிறது. நாங்கள்தான் அதற்குக் கீழே இருக்கிற ஆறுதலை மட்டும் நறுக்கி எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்கிறோம். ஊரிலிருந்தும் தெருவிலிருந்தும் தள்ளி வைக்கப்பட்ட ஜனங்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு அந்த வரி எவ்வளவு பெரிய செய்தி! அதை எங்கள் சபையிலேயே நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். என் பிள்ளையின் கல்யாணத்துக்காக எங்கள் ஜனத்தையே இன்னொருமுறை வெளியே தள்ளினேன். வேறு யார் செய்திருந்தாலும் தெருவில் நின்று கத்தியிருப்பேன்.

இத்தனை தெரிந்தும் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. நான் தலையணை வைத்து உட்காருகிற நிலை வந்ததும், லீவு தீர்ந்துவிட்டது என்று அக்கா கிளம்பினாள். போகும்போது அந்தப் பச்சைப் புடவையையும் பையில் எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் பிசியோதெரபி. முதலில் ஸ்பூன் பிடித்தேன், பிறகு பேனா, பிறகு வாக்கரைப் பிடித்து நாலு எட்டு. ஐப்பசி முடியும்போது பாஸ்டர் வந்து, ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். வாக்குத்தத்தம் நிறைவேறியதைச் சொன்னால் ஜனங்களுக்கு விசுவாசம் பெருகும் என்றார். அந்த அதிகாரத்தை மேலிருந்து படித்துத்தான் சொல்வேன் என்றேன். ஜனங்கள் சந்தோஷமாக வருகிற நாள், அதெல்லாம் எதற்கு என்று தயங்கினார். அதெல்லாம் வேதத்தில் எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

அன்றிரவு ரூத்துக்கு போன் செய்து, செய்யப்போவதைச் சொன்னேன். உன் கணவரும் மாமியாரும் என்ன நினைப்பார்களோ என்றேன்.

"அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்மா, நான் சொல்லிட்டேன்" என்றாள். "அத்தைக்குத்தான் தெரியாது. நீங்களே சொல்லுங்க."

மறுநாள் ஆட்டோவில் வாலாஜாபாத் போனேன். மடியில் ஒரு புதுப் பட்டுப் புடவை. காலனிச் சந்தில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போகக் கால் மணி நேரம் ஆனது. அக்கா வேலை முடிந்து வந்து குளித்து ஈரத் தலையோடு இருந்தாள். ஆராதனைக்கு வரச் சொன்னேன்.

"என்னன்னு சொல்லிக் கூப்புடுறே? உதவிக்கா?" என்றாள்.

"அக்கான்னு."

"யாரு முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும். சம்பந்தி முன்னாடியும்." பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பத்திரிகையில் அவள் பெயரை அடித்தது நான்தான், என் கணவர் இல்லை என்றும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தாள். புடவைப் பையைத் தொடவில்லை.

ஆராதனைக்கு வந்தாள். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள். கட்டியிருந்தது அந்தப் பச்சைப் பூனம் புடவை. முன் வரிசையில் ரூத்தோடு இருந்த சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்ததையும், புடவையை அடையாளம் கண்டுகொண்டதையும் நான் மேடைக்குப் போகும்போதே பார்த்தேன். பட்டுப் புடவையை ஏன் கட்டவில்லை என்று ஆராதனை முடிந்து கேட்டபோது, "ரூத்து கல்யாணம் ஆனப்புறம் உன் சம்பந்தத்துல எனக்கு வந்த புடவை இதானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

மேடையில் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். பெஞ்சுகள் நெளிந்தன. அட்டையில் நான் எதை வெட்டினேன் என்று சொன்னேன். பத்திரிகையில் எதை வெட்டினேன் என்றும் சொன்னேன். பிறகு கதவோரம் கையைக் காட்டினேன். "அது எங்க அக்கா" என்றேன்.

சம்பந்தியம்மா விருந்துக்கு நிற்காமல் போய்விட்டார். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை, போன் செய்தால் ரூத்திடம் கொடுத்துவிடுகிறார். அட்டை வேலையைக் கமிட்டியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கா மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எடுக்கிறாள், கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்.

விரல் நுனிகள் இன்னும் மரத்திருக்கின்றன. மூச்சு மட்டும் பழையபடி ஆகிவிட்டது. தினமும் காலையில் ஒரே மூச்சில் எண்ணிப் பார்க்கிறேன், நாற்பதைத் தாண்டுகிறது. எண்ணும்போதெல்லாம் ஒன்று உறைக்கிறது. மிக மோசமான நாளிலும் எனக்குப் பதினான்கு வரை மூச்சு இருந்தது. சம்பந்தியம்மா கட்டில் அருகே நின்று கேட்ட அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, பிறகு மேடையில் சொன்ன அந்த மூன்றே சொல்.